பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான்?

1912 அக்டோபரில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தன் இரண்டு பிள்ளைகளையும் தன்னிடமே திருப்பி ஒப்படைக்க உத்தரவிட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவர் பெயர் ஜிட்டு நாராயணய்யா. எதிர்வாதி அன்னி பெசன்ட், அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர். மூத்த பிள்ளைக்கு வயது 17. பின்னாளில் உலகமெங்கும் சிந்தனையாளராக அறியப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்திதான் அவர். இளையவர் நித்யானந்தாவுக்கு 14.

வழக்கு பதிவான நாளில் பிள்ளைகள் செங்கல்பட்டு மாவட்டத்தில் இல்லை. சென்னையிலும் இல்லை. கடல் தாண்டி, படிப்பதற்காக இங்கிலாந்து போயிருந்தார்கள். சென்னையில் இரண்டு முறை அப்பாவுக்குச் சாதகமாக முடிந்த வழக்கை, கடைசியில் லண்டனில் கவிழ்த்தது இந்த ஒரு விவரம்தான். தாயும் தகப்பனும் பிரிந்து, பிள்ளை ஊர் மாறி, நாடு மாறிப் போகும்போது எந்தக் கோர்ட் விசாரிக்கலாம் என்ற கேள்வி எழும் இடங்களில் அந்தத் தீர்ப்பை இந்திய வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆற்றுக்குத் தெற்கே ஒரு குடும்பம்

நாராயணய்யா மதனப்பள்ளியைச் சேர்ந்த தெலுங்குப் பிராமணர். வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். 1882 முதலே பிரம்மஞான சபை உறுப்பினர். மனைவி சஞ்சீவம்மா 1905இல் இறந்துபோனார். இரண்டு ஆண்டுகளில் உத்தியோகமும் முடிந்தது. கையில் சொற்ப ஓய்வூதியம், வளர்க்கவேண்டிய பிள்ளைகள். சபையில் ஏதாவது வேலை கொடுங்கள் என்று பெசன்டுக்கு எழுதினார். 1909 ஜனவரியில் பிள்ளைகளோடு அடையாறுக்குக் குடிவந்தார். சபை வளாகத்துக்கு வெளியே ஒரு சிறு வீடு கிடைத்தது.

அந்த ஆண்டு, அடையாறு ஆறு கடலில் கலக்கும் மணற்பரப்பில் சி. டபிள்யூ. லெட்பீட்டரின் பார்வை கிருஷ்ணமூர்த்தியின்மீது விழுந்தது. சபையின் முக்கியஸ்தர்களில் ஒருவரான அவர், வரப்போகும் உலக குருவுக்கு உரிய வாகனம் இந்தச் சிறுவன்தான் என்று அறிவித்தார். நோஞ்சான் பையன் என்று பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிக்கொண்டிருந்தவனுக்குத் தனி ஆசிரியர்கள் வந்தார்கள், ஆங்கிலம் வந்தது, உடை மாறியது. 1910 மார்ச் 6ஆம் தேதி நாராயணய்யா ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். இரு பிள்ளைகளுக்கும் பெசன்டைப் பாதுகாவலராக ஏற்பதாக அதில் எழுதியிருந்தது.

கையெழுத்துப் போட்ட கை சீக்கிரமே நடுங்கத் தொடங்கியது. லெட்பீட்டரோடு பிள்ளைகள் சேர்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையைத் தெய்வமாக்கி ஊர் கும்பிடுவதும் பிடிக்கவில்லை. 1911இல் பெசன்ட் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துப் போய்த் திரும்பினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், இங்கிலாந்தில் படிக்கவைத்துப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ப்பது என்ற திட்டத்தோடு மறுபடியும் கப்பல் ஏறினார்கள். 1912 ஜூலையில் நாராயணய்யா தன் சம்மதத்தை ரத்துசெய்து கடிதம் எழுதினார். பிள்ளைகள் திரும்பவில்லை.

அன்றைக்கு அடையாறு, சென்னை நகரத்தைச் சேர்ந்த பகுதி அல்ல. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனால்தான் ஆற்றுக்கு வடக்கே சிறிது தூரத்தில் உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் நின்றும் வழக்கு முதலில் செங்கல்பட்டுக்குப் போனது. சற்று நாளில் அங்கிருந்து உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. இந்த மாற்றலை அப்போது யாரும் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். லண்டனில் அது பெரிதாயிற்று.

மகளைப் பறிகொடுத்த தாய்

எதிர்வாதிக் கூண்டில் நின்ற பெண்மணிக்கு இந்த வேதனை புதிது அல்ல. 35 ஆண்டுகளுக்கு முன்னால் அன்னி பெசன்டே பெற்ற பிள்ளையைக் கோர்ட்டில் பறிகொடுத்தவர்.

அவருடைய கணவர் ஃபிராங்க் பெசன்ட் இங்கிலாந்தில், லிங்கன்ஷயர் பகுதியில் ஒரு கிராமத் தேவாலயத்தின் குரு. 1873இல் இருவரும் பிரிந்தபோது எழுதிக்கொண்ட பிரிவினைப் பத்திரத்தின்படி மகன் தகப்பனிடம், மகள் மேபல் தாயிடம். அன்னி நாத்திகரானார். 1877இல் கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதற்காகச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் நின்றார். அடுத்த ஆண்டே கணவர் சான்சரி நீதிமன்றத்துக்குப் போனார். இப்படிப்பட்ட தாயிடம் பெண் குழந்தை வளரக்கூடாது என்றார். வழக்கறிஞர் வைக்காமல் அன்னி தானே வாதாடினார். நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல், ஏழு வயது மேபலைத் தாயிடமிருந்து பிரித்துத் தகப்பனிடம் கொடுத்தார். மேல்முறையீட்டிலும் அன்னிக்குத் தோல்வி.

கணவர் கையெழுத்திட்ட பத்திரம் அன்றைக்கு அன்னியைக் காப்பாற்றவில்லை. குழந்தையின் நன்மைக்கு உகந்ததல்ல என்று நீதிமன்றம் கருதினால் பெற்றோர் எழுதிக்கொடுத்த எந்தக் காகிதமும் நிற்காது என்பது 1873ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. இப்போது 1913இல், வேறொரு தகப்பன் எழுதிக்கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே பெண்மணி சென்னையில் நின்றார். இந்த முறையும் தன் வழக்கைத் தானே வாதாடினார்.

சென்னையில் நடந்தது

விசாரணை 1913 மார்ச்சில் நீதிபதி பேக்வெல் முன்பு தொடங்கியது. நாராயணய்யாவுக்காக வாதாடியவர் இளம் வழக்கறிஞர் சி. பி. ராமசாமி ஐயர். (மூன்றே ஆண்டுகளில் அவர் பெசன்டின் ஹோம்ரூல் இயக்கத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்தார்.) பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. லெட்பீட்டரின்மீது தகப்பன் சுமத்திய கடுமையான குற்றச்சாட்டுகளைக் கேட்கச் சனங்கள் கோர்ட்டில் கூடினார்கள்.

ஏப்ரல் 15ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தகப்பன் சொன்ன குறிப்பான சம்பவங்கள் நிரூபிக்கப்படவில்லை என்றார் நீதிபதி. ஆனால் லெட்பீட்டரின் கருத்துகளை வைத்துப் பார்த்தால் பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்துக்கொள்ள அவர் தகுதியற்றவர் என்றும் சொன்னார். இரு பிள்ளைகளும் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் உள்ள மைனர்கள் என்று அறிவித்தார். மே 26ஆம் தேதிக்குள் பெசன்ட் அவர்களைக் கொண்டுவந்து தகப்பனிடம் ஒப்படைக்கவேண்டும்.

அந்த மே மாதத்தில்தான் கிருஷ்ணமூர்த்திக்கு 18 வயது நிறைகிறது. 1875ஆம் ஆண்டு வயதுவரம்புச் சட்டப்படி 18 நிறைந்தால் மேஜர். நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்திருந்தால் மட்டும் 21 வரை மைனர். ஆகவே 'நீதிமன்றத்தின் பாதுகாப்பில்' என்ற அந்த இரண்டு சொல்லில் மூன்று வருஷக் கணக்கு அடங்கியிருந்தது.

பெசன்ட் மேல்முறையீடு செய்தார். தலைமை நீதிபதி சர் ஆர்னால்ட் ஒயிட்டும் நீதிபதி ஓல்ட்ஃபீல்டும் அக்டோபரில் அதைத் தள்ளினார்கள். நாராயணய்யா இரண்டாவது முறையும் ஜெயித்தார். பிள்ளைகளோ இன்னும் இங்கிலாந்தில்தான் இருந்தார்கள்.

லண்டனில் கேட்ட கேள்வி

அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசிப் படி லண்டன் பிரிவி கவுன்சில். 1914 மே 25ஆம் தேதி பார்க்கர் பிரபு அங்கே தீர்ப்பை வாசித்தார். பெசன்ட் நல்லவரா, லெட்பீட்டர் கெட்டவரா என்ற வாதங்களுக்குள் அவர் போகவில்லை. அவர் எழுப்பிய கேள்வி ஒன்றுதான். இந்த வழக்கை விசாரிக்கச் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்ததா?

1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவு, மைனர் 'வழக்கமாக வசிக்கும்' இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில்தான் மனுப்போட முடியும் என்கிறது. தகப்பன் எங்கே வசிக்கிறார், கடிதம் எங்கே எழுதப்பட்டது என்பதெல்லாம் கணக்கில் வராது. படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகும் எண்ணத்தோடு பல மாதங்களுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போன பிள்ளைகள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வழக்கமாக வசிப்பவர்கள் என்று எப்படிச் சொல்வது? உயர்நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்ட வழக்கிலும், முதலில் வழக்குப் பதிவான கோர்ட்டுக்கு இருந்த அதிகாரம்தான் அதற்கு உண்டு. செங்கல்பட்டுக்கு இல்லாத அதிகாரம் சென்னைக்கு வந்துவிடாது.

தகப்பனின் உரிமையையும் தீர்ப்பு விளக்கியது. இந்துத் தகப்பன் இயற்கைக் காப்பாளர். அது ஒரு புனிதப் பொறுப்பு. உயிரோடு இருக்கும்போது அதை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்க அவரால் முடியாது. எனவே 1910ஆம் ஆண்டுக் கடிதம் பெசன்டைக் காப்பாளர் ஆக்கிவிடவில்லை. பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைத்த சம்மதத்தைத் தகப்பன் திரும்பப் பெறலாம். ஆனால் அந்தச் சம்மதத்தை நம்பிப் பிள்ளைகளின் வாழ்க்கை ஒரு புதிய திசையில் போய்விட்டால், அதைக் கலைப்பது அவர்களுக்கு நல்லதுதானா என்று நீதிமன்றம் பார்க்கவேண்டும்.

இதில் மனத்தைத் தொடும் இடம் வேறொன்று. பிள்ளைகளை இங்கிலாந்திலிருந்து பிடித்துவந்து ஒப்படைக்கச் சொன்ன உத்தரவு, அந்தப் பிள்ளைகளைக் கேட்காமலே போடப்பட்டது. அவர்கள் தரப்பில் சென்னையில் யாருமே பேசவில்லை. 16ஐ நெருங்கும் வயதிலும் 19 வயதிலும் இருக்கும் இரண்டு இளைஞர்களை அவர்கள் விருப்பமில்லாமல் கப்பலில் ஏற்றுவது சட்டப்படி முடிகிற காரியமா? இந்தியா திரும்ப அவர்களுக்கு விருப்பமில்லை என்பது லண்டனில் தெரிவிக்கப்பட்டிருந்தது. சென்னைத் தீர்ப்புகள் ரத்தாயின, வழக்குத் தள்ளுபடியானது. தகப்பன் விரும்பினால் பிள்ளைகள் இருக்கும் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று கதவு மட்டும் திறந்து வைக்கப்பட்டது.

மதனப்பள்ளி ஓய்வூதியக்காரருக்கு அந்தக் கதவு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இருவரும் 1921 கடைசியில்தான் இந்தியா திரும்பினார்கள். அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு வயது 26. நாராயணய்யா 1924இல் காலமானார். நித்யானந்தா அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் இறந்தார். எந்த மகுடத்துக்காக அந்தப் பிள்ளைகள் கடல் தாண்டினார்களோ அதைக் கிருஷ்ணமூர்த்தி 1929இல் ஹாலந்தின் ஓமன் முகாமில் தன் கையாலேயே இறக்கிவைத்தார். தன்னைத் தலைவராகக் கொண்ட அமைப்பைக் கலைத்தார்.

கப்பலுக்குப் பிறகு கார், விமானம்

பெசன்ட் வழக்கில் பிள்ளைகளைக் கடல் கடத்திப் போனவர் மூன்றாம் மனிதர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விவாகரத்துகள் பெருகியபோது, பெற்றவர்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டத் தொடங்கினார்கள். எல்லை என்றால் நாட்டெல்லைதான் என்பதில்லை. அமெரிக்காவில் மாநில எல்லையே போதும்.

அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனிக் கோர்ட். குழந்தையின் வளர்ப்புப் பொறுப்பு பற்றிய உத்தரவு என்பது சூழ்நிலை மாறினால் மாற்றக்கூடியது. ஆகவே ஒரு மாநிலத்தின் உத்தரவை இன்னொரு மாநிலம் திருத்துவதற்குத் தடை பெரிதாக இல்லை. தோற்றவர் செய்யவேண்டியது ஒன்றுதான். வார இறுதியில் குழந்தையைப் பார்க்க அழைத்துப் போகும்போது காரைத் திருப்பாமல் அடுத்த மாநிலத்துக்கு ஓட்டிவிடவேண்டும். அங்கே புதிதாக ஒரு வழக்கு, உள்ளூர்க்காரருக்கு இரங்கும் ஒரு நீதிபதி. போலீசிடம் போனால் பயன் இல்லை. 1932ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கடத்தல் சட்டமே, பெற்ற பிள்ளையைப் பெற்றவர் கொண்டுபோனால் குற்றமில்லை என்று விதிவிலக்கு வைத்திருந்தது.

கனடாவில் நடந்த ஒரு வழக்கு இந்த நிலைமையின் உச்சம். கலிஃபோர்னியாவில் பிரிந்த ஓர் அமெரிக்கத் தம்பதி, மற்றவரின் அனுமதி இல்லாமல் மகனை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். கோர்ட் பிறகு மகனைத் தாயிடம் கொடுத்தது. 1946 கிறிஸ்துமஸ் சமயத்தில் தகப்பன் பையனோடு கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போய்விட்டார். அங்கே புதிய விசாரணை, பையன் தகப்பனுக்கு. கனடா உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. 1951இல் பிரிவி கவுன்சில் திரும்பவும் தகப்பன் பக்கம் சாய்ந்தது. வெளிநாட்டுத் தீர்ப்புக்கு உரிய மதிப்புக் கொடுக்கவேண்டும், ஆனால் அது கட்டுப்படுத்தாது. குழந்தையின் நலனே முதன்மை, அதை உள்ளூர் நீதிமன்றம் தானே எடைபோடலாம் என்றது. குழந்தையின் நலனுக்காகச் சொன்ன அந்த வாக்கியம், தூக்கிக்கொண்டு ஓடுபவர்களுக்கும் துணையாயிற்று.

அமெரிக்கர்கள் 1968இல் மாநிலங்களுக்குப் பொதுவான ஒரு மாதிரிச் சட்டம் வரைந்தார்கள். 1980களின் நடுவுக்குள் எல்லா மாநிலங்களும் அதை ஏதோ ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டன. 1980இல் அமெரிக்க நாடாளுமன்றமும் ஒரு சட்டம் போட்டது. 1997இல் மாதிரிச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது வைத்த விதி, எண்ணிப் பார்த்துவிடக்கூடியது: வழக்குப் போடுவதற்கு முந்தைய ஆறு மாதம் குழந்தை தாயோடோ தகப்பனோடோ தொடர்ந்து எந்த மாநிலத்தில் வாழ்ந்ததோ, அதுவே குழந்தையின் வீட்டு மாநிலம். முதல் உரிமை அந்த மாநிலத்துக் கோர்ட்டுக்கு. ஒருமுறை அது உத்தரவு போட்டுவிட்டால், அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் அங்கே இருக்கும்வரை மாற்றும் அதிகாரமும் அதற்கே. நல்ல தகப்பன் யார், நல்ல தாய் யார் என்று தேடுவதற்கு முன்னால் நாட்காட்டியைப் பார்க்கச் சொன்ன விதி அது.

ஹேக்கில் ஓர் ஏற்பாடு

நாடுகளுக்கிடையே இதைச் செய்ய முயன்றது 1980 அக்டோபர் 25ஆம் தேதியிட்ட ஹேக் ஒப்பந்தம். 16 வயதுக்கு உட்பட்ட குழந்தையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டிலிருந்து முறையில்லாமல் கொண்டுபோனால், சேர்ந்த நாட்டின் கோர்ட் வளர்ப்புப் பொறுப்பைப் பற்றி விசாரிக்கக்கூடாது; குழந்தையைத் திருப்பி அனுப்பவேண்டும். யாரிடம் வளரவேண்டும் என்பதை அந்தப் பழைய ஊர்க் கோர்ட் பார்த்துக்கொள்ளும். ஒரு வருஷம் கடந்து குழந்தை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டாலோ, திருப்பி அனுப்பினால் கடும் ஆபத்து நேரும் என்றாலோ, விவரம் தெரிந்த வயதில் குழந்தையே மறுத்தாலோ விலக்கு உண்டு. 1914இல் பார்க்கர் பிரபு கவனித்த இரண்டு சங்கதிகள், வழக்கமான வசிப்பிடமும் பிள்ளையின் விருப்பமும், இங்கே எழுத்தில் ஏறின.

இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. இலங்கை 2001இல் சேர்ந்து, தனிச் சட்டமும் இயற்றியது. சிங்கப்பூர் 2010இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை.

சேராததற்குச் சொல்லப்படும் காரணத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒப்பந்தத்தை வரைந்தவர்களின் மனத்தில் இருந்த சித்திரம், வழக்கில் தோற்றுக் கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தகப்பன். ஆனால் இந்த ஒப்பந்தத்தின்கீழ் வரும் வழக்குகளில் குழந்தையைக் கொண்டுபோனவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் தாய்மார்கள் என்று பிந்தைய கணக்கெடுப்புகள் காட்டின. கணவனின் விசாவை நம்பி வெளிநாடு போன பெண், அங்கே அடிபட்டு, கையில் காசில்லாமல், குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு ஓடிவருகிறாள். குழந்தையைத் திருப்பி அனுப்பு என்றால் அவளையும் அதே வீட்டு வாசலுக்கு அனுப்புவதாகிவிடும் என்பதே இங்குள்ள பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் எழுப்பும் எதிர்ப்பு. சட்ட ஆணையம் 2009இல் தன் 218ஆவது அறிக்கையில் சேரலாம் என்றது. 2016இல் மசோதாவும் வரைவாயிற்று. அதைத் திருத்தி எழுதி ஆணையம் இன்னொரு அறிக்கை தந்தது. நீதிபதி ராஜேஷ் பிண்டல் தலைமையிலான குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. மசோதா சட்டமாகவில்லை.

டெல்லியின் ஊசலாட்டம்

ஒப்பந்தம் இல்லாத நாட்டில் சுமை முழுவதும் நீதிபதிகளின் தலையில் விழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் தகப்பனோ தாயோ இங்கே பெரும்பாலும் போடுவது ஆட்கொணர்வு மனு. சிறைப்பட்டவர்களை மீட்க வந்த அந்த ஹேபியஸ் கார்பஸ், பால்குடி மறக்காத குழந்தைகளையும் உயர்நீதிமன்ற வராந்தாவில் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது. குடும்பநல நீதிமன்றத்தில் வருஷக் கணக்கில் இழுக்கும் வழக்கை இதில் சில வாரங்களில் முடித்துவிடலாம் என்பதே காரணம்.

1984இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், இங்கிலாந்தில் மனைவியைக் கொல்ல ஆள் ஏவிய குற்றத்துக்குத் தண்டனை பெற்ற கணவன், வெளியே வந்ததும் மகனோடு இந்தியா வந்துவிட்டார். தொழிற்சாலையில் வேலை பார்த்த தாய் பின்தொடர்ந்து வந்தார். குடும்பத்தோடு நெருங்கிய தொடர்பு எந்த நாட்டுக்கோ அந்த நாட்டு நீதிமன்றமே தீர்மானிக்கவேண்டும் என்று சொல்லி, தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் பையனைத் தாயிடம் கொடுத்தார். 1997இல் வந்த வழக்கில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அமெரிக்காவிலிருந்து தாய் கைக்குழந்தையாகக் கொண்டுவந்த பையன் 12 ஆண்டுக்கும் மேலாக இந்தியாவில் வளர்ந்துவிட்டான். அவனை இனி அமெரிக்க உத்தரவைக் காட்டிப் பிடுங்க முடியாது என்றது உச்சநீதிமன்றம்.

2009இல் மறுபடியும் திரும்பியது. அமெரிக்கக் குடிமகனான ஒரு சிறுவனைத் தாய் 2007இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக மாற்றிக்கொண்டிருந்தார். உச்சநீதிமன்ற உத்தரவின் பேரில் சிபிஐ தேடியது. இரண்டு ஆண்டு கழித்துச் சென்னையில் கண்டுபிடித்தது. தாயின் பயணச் செலவையும் தங்குமிடத்தையும் தகப்பனே ஏற்கவேண்டும் என்ற நிபந்தனைகளோடு, குழந்தையை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப உத்தரவானது.

அடுத்தது கோயம்புத்தூர். இங்கிலாந்தில் குடியிருந்த தமிழ்த் தம்பதிக்கு இரண்டு பெண் குழந்தைகள். 2012 ஆகஸ்டில் தாய் குழந்தைகளோடு கோவை வந்து, அங்கே விவாகரத்து வழக்குப் போட்டார். நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் அந்தப் பெண் குழந்தைகளைத் தன் பாதுகாப்பில் உள்ளவர்களாக அறிவித்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் சென்னையில் நீதிபதி பேக்வெல், இங்கிலாந்தில் இருந்த பிள்ளைகளைப் பற்றி அறிவித்ததையே, இப்போது லண்டன் கோவையில் இருந்த பிள்ளைகளைப் பற்றி அறிவித்தது. தகப்பனின் ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2015 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தின் இருவர் அமர்வு தகப்பனுக்கு இசைந்தது. முதலில் செயலுக்குரிய உத்தரவு போட்ட கோர்ட் எதுவோ அதற்கே முன்னுரிமை என்று நீதிபதி மதன் லோகுர் எழுதினார்.

இரண்டு ஆண்டுதான். 2017 ஜூலையில் இன்னொரு வழக்கில் மூவர் அமர்வு அந்த 'முதல் உத்தரவு' வாதத்தை ஏற்க மறுத்தது. வெளிநாட்டு உத்தரவு என்பது பார்க்கவேண்டிய பல அம்சங்களில் ஒன்று, அவ்வளவே. குழந்தையின் நலனை இந்திய நீதிமன்றம் தானே பார்க்கும் என்று நீதிபதி கான்வில்கர் எழுதிய தீர்ப்பு சொன்னது. இன்றைக்கு நிற்கும் நிலைப்பாடு அது. அதற்குப் பிறகும் சில குழந்தைகள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள், சிலர் இங்கேயே இருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்ல எந்த வழக்கறிஞராலும் முடியவில்லை.

இந்த ஊசலாட்டத்துக்கு விலை கொடுப்பவர்கள் குழந்தைகள். வழக்கு நடக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தை ஒரு புதிய பள்ளியில் ஒரு மாதம் கழித்திருக்கிறது, ஒரு புதிய மொழியில் சில சொற்கள் பழகியிருக்கிறது, மறுபக்கத்துப் பாட்டியின் குரலைக் கொஞ்சம் மறந்திருக்கிறது. பிறகு அந்தப் பழக்கத்தையே காட்டி, இங்கே வேரூன்றிவிட்டது, இனி கலைக்கவேண்டாம் என்று வாதாடுகிறார்கள். தாமதமே சாட்சியாக மாறுகிறது. செங்கல்பட்டில் மனுப்போட்டபோது 17 வயதாக இருந்த கிருஷ்ணமூர்த்தி, லண்டன் முடிவு சொன்னபோது 19 வயதைத் தொட்டிருந்தார். ஆறு மாதக் கணக்கோ ஒரு வருஷக் கணக்கோ, மனுவுக்கு இத்தனை வாரத்தில் முடிவு என்ற கெடுவோ, எழுத்தில் ஒரு விதி இருந்தால் இத்தனை நாள் கரையாது. ஓடிவரும் தாய்க்குப் பாதுகாப்பும் அதே சட்டத்தில் இருக்கவேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதும் வேலையை நீதிபதிகளிடமே விட்டுவிட்டு நாடாளுமன்றம் ஒதுங்கி நிற்பது சரியல்ல.

உள்நாட்டு வழக்குகளில் 1890ஆம் ஆண்டுச் சட்டமே இன்னும் நடைமுறையில் இருக்கிறது. தாய் மதுரைக்கு வந்துவிட்டார், தகப்பன் பெங்களூரில் இருக்கிறார் என்றால் வழக்கு எங்கே என்பதை அந்த ஒன்பதாவது பிரிவுதான் தீர்மானிக்கிறது. 'வழக்கமாக வசிக்கும்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. பள்ளிக்கூடச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு, குழந்தையின் நோட்டுப் புத்தக அட்டையில் எழுதிய பெயரும் வகுப்பும் என்று ஒவ்வொரு வழக்கிலும் கோர்ட் அதைப் புதிதாகத் தேடவேண்டியிருக்கிறது. அடிக்கடி எதிர்த்தரப்பு சொல்லும் வாதம், வழக்குப் போடுவதற்காகவே குழந்தையை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்பது.

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்துக்குள்தான் நகரத்தின் குடும்பநல நீதிமன்றங்களும் நடக்கின்றன. நாராயணய்யா இரண்டு முறை ஜெயித்தது இதே வளாகத்தில். காலை பத்து மணிக்கு மனுக்கட்டோடு வரும் இளம் வழக்கறிஞர், சட்டத்தின் பத்தாவது பிரிவு கேட்கும் வரிசையிலேயே குழந்தையின் பெயர், ஆணா பெண்ணா, மதம், பிறந்த தேதி என்று நிரப்புகிறார். அடுத்து, மைனர் வழக்கமாக வசிக்கும் இடம். அங்கே வந்ததும் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கட்சிக்காரரைப் பார்த்துக் கேட்கிறார்: "பையன் இப்ப எங்கம்மா இருக்கான்? எவ்வளவு நாளா?"